பட்டறைப் பக்கம்: கண்ணாடி ஓரத்தில் கட்டும் பால்

சென்ற மாதம் ஒரு குடும்பம் பழைய வான் ஒன்று பார்க்க எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. வந்து குடியேறி எட்டு மாதம்தான். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள், ஒரு அப்பம்மா. இந்தக் குளிரில் பஸ்ஸுக்குக் காத்து நின்று களைத்துவிட்டார்கள். வானின் விலை மலிவு, எஞ்சின் சத்தம் சுத்தம், ரயர் நாலும் புதிது. அண்ணை காசை எண்ணத் தொடங்கிவிட்டார். நாங்கள் முன் கண்ணாடியின் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டி, "இதை ஒருக்காப் பாருங்கோ" என்றோம். ஓரம் நெடுக இரண்டு விரல் அகலத்துக்குப் பால் வார்த்தது போல வெள்ளையாக இருந்தது. "அது கழுவினாப் போயிடும்தானே?" என்றார் அண்ணை.

போகாது. அது கண்ணாடிக்கு வெளியிலும் இல்லை, உள்ளுக்கும் இல்லை, நடுவில் இருக்கிறது.

இதை நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. 2008 இல் வன்னியில் இடம்பெயர்ந்து ஓடத் தொடங்கியபோது எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு பத்தாம் வகுப்போடு மூடப்பட்டது. கண்ணாடி வேலையைச் சார்ஜாவில் படித்தோம், அதுவும் சம்பளத்தில் காசு கட்டிப் படித்தோம். அந்தக் கதைதான் இந்த முறை.

வளைகுடாவுக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். ஒருவர் மன்னார், ஒருவர் முல்லைத்தீவு, ஒருவர் மூதூர்ப் பக்கம். அங்கே அகதி என்ற பெயரில் எவரையும் பதிந்துகொள்வதில்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கையெழுத்து வைக்கவில்லை. விசா இருக்கும் வரை தொழிலாளி, விசா முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டிய ஆள், அவ்வளவுதான். சார்ஜா கைத்தொழிற் பகுதியில் வாகனக் கண்ணாடி மாற்றும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. பட்டறையை நடத்தியது ஒரு மலையாளி. அவரைச் சேட்டன் என்போம். கண்ணாடி வேலையின் பெரியவர் பெஷாவரில் இருந்து வந்த ஒரு முதியவர். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே கூப்பிட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு உருது தெரியாது. அரை ஹிந்தியும் கை ஜாடையும்தான் பாஷை.

கதைக்கு முன்னர் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஊரில் எங்கள் பெரியவர்கள் ஓட்டிய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களில் பலவற்றுக்கு இருந்தது ஒற்றைக் கண்ணாடி. சூடாக்கித் திடீரென்று குளிர வைத்து இறுக்கிய கண்ணாடி அது. ஒரு கல் பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் வெள்ளை வெளேர் என்று நொறுங்கி, கற்கண்டுத் துண்டுகள் போல மடியில் கொட்டும். சாரதிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. இப்போதைய முன் கண்ணாடிகள் அப்படியல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு சவ்வு வைத்து ஒட்டியவை. கல் பட்டால் வெடிக்கும், ஆனால் சவ்வு பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சவ்வுக் கண்ணாடிக்கு வழி காட்டியவர் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1903 இல் அவருடைய ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை தட்டுப்பட்டு விழுந்தது. வெடித்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைத்திரேற்றுக் கரைசல் காய்ந்து சுவரில் தோலாகப் படிந்திருந்ததுதான் காரணம். 1909 இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்களுக்கு இந்தக் கண்ணாடி போனது. அந்தப் பழைய சவ்வு வெயிலில் மஞ்சளாகிவிடும். 1930 களின் பிற்பகுதியில் பொலிவைனைல் பியூற்றிரல், சுருக்கமாகப் பி.வி.பி., வந்தது. இன்று வரை அதுதான். முன் கண்ணாடியில் அந்தச் சவ்வின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். தொழிற்சாலையில் 140 பாகை அளவு வெப்பத்தில், காற்றமுக்கத்தைப் போல பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு அழுத்தத்தில் வைத்து ஒட்டுவார்கள்.

இந்தப் பி.வி.பி.க்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் குடிக்கும். ஈரம் கூடினால் கண்ணாடியை விட்டு மெல்ல மெல்லக் கழன்றுகொள்ளும். கண்ணாடிக்குள்ளால் தண்ணீர் போகாது. போகக்கூடிய ஒரே வாசல் நாலு பக்கமும் உள்ள அந்த ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஓரம். அந்த வாசலால் ஈரம் போனால்தான் பால் கட்டும். அதுவும் பெரும்பாலும் கீழ் மூலைகளில் தொடங்கும், ஏனென்றால் தண்ணீர் தங்குவது அங்கேதான்.

இனிக் கதை.

2013 ஓகஸ்ட். சார்ஜாவின் ஓகஸ்டை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில் 45 பாகை. இரவில் கடலில் இருந்து ஈரக் காற்று ஏறி வந்தால் விடிய எல்லாக் கார்களும் மழையில் நின்றது போல நனைந்திருக்கும். ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை பன்னிரண்டரையில் இருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்விக்கக் கூடாது என்று சட்டம். எங்களுடையது கூரை போட்ட பட்டறை என்பதால் அது எங்களுக்கு வராது என்று சொன்னார்கள். தகரக் கூரைக்குக் கீழ் இருந்தவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான்.

அந்த மாதம் ராஸ் அல் கைமாவில் இருந்து ஒருவர் 1981 ஆம் ஆண்டு மேர்சிடிஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். டபிள்யூ 123 என்று சொல்லும் வகை, 1976 இல் வெளிவரத் தொடங்கியது. தகப்பன் விட்டுப்போன கார். எஞ்சின், பெயின்ற், இருக்கை எல்லாம் வேறு இடங்களில் புதுப்பித்து முடித்துவிட்டார். முன் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலையிலும் ஓர் அங்குலத்துக்குப் பால் இருந்தது. இந்த வகைக் காருக்குப் புதுக் கண்ணாடி இன்றும் வாங்கலாம். சேட்டனும் அதைத்தான் சொன்னார். அவர் வேண்டாம் என்றார். கண்ணாடியின் உட்பக்க மூலையில் நிறம் போன ஒரு ஸ்ரிக்கர் இருந்தது. தகப்பன் கையால் ஒட்டியதாம். தொட்டால் உதிர்ந்துவிடும். "கண்ணாடி இதுவே இருக்கட்டும், பால் மேலே ஏறாமல் ஓரத்தை அடைத்துத் தாருங்கள்" என்பதுதான் அவர் கேட்டது.

உஸ்தாத் அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கும் கைவேலை தெரியும் என்று காட்ட ஒரு ஆசை. இளரத்தம்.

பழைய றப்பரை வெட்டிக் கண்ணாடியைக் கழற்றினோம். அதுவரை பிழை இல்லை. ஓரத்தில் பிடித்திருந்த பழைய பசையையும் மண்ணையும் தின்னர் ஊற்றிக் கழுவினோம். இது முதல் பிழை. பிறகு தண்ணீரால் கழுவி, காயட்டும் என்று வெளியே வெயிலில் சாய்த்து வைத்தோம். இது இரண்டாவது. பின்னேரம் எடுத்து, கடையில் கிடைத்த மலிவுச் சிலிக்கோனை ஓரம் முழுக்கத் தடிப்பாகப் பூசினோம். பூசும்போது வினாகிரி மணம் மூக்கில் அடித்தது. அது மூன்றாவது பிழை, எல்லாவற்றிலும் பெரியது. பார்க்க அழகாக இருந்தது. அவரும் சந்தோசமாகக் காசு கொடுத்து எடுத்துப்போனார். எங்களுக்குத் தனியாக ஆளுக்குப் பத்துத் திர்ஹாம்.

நவம்பரில் திரும்பி வந்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஓர் அங்குலப் பால் ஒரு சாண் ஆகியிருந்தது. சவ்வுக்குள் குமிழ்கள் வேறு. சாரதி பார்க்கும் இடத்துக்கே ஏறிவிட்டதால் வருடாந்தப் பரிசோதனையில் காரைத் திருப்பிவிட்டார்களாம்.

புதுக் கண்ணாடி, றப்பர், கூலி எல்லாவற்றையும் பட்டறை ஏற்றுக்கொண்டது. பிறகு எங்கள் மூன்று பேரின் சம்பளத்தில் வெட்டினார்கள், இரண்டே மாதத்தில். அந்த இரண்டு மாதமும் ஊருக்குக் காசு போகவில்லை. மன்னார்த் தம்பியின் தங்கச்சி ரியூசனை நிறுத்தினாள். பிற்காலத்தில்தான் அறிந்தோம். அப்போது நடைமுறையில் இருந்த 1980 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் தொழிற் சட்டப்படி, தொழிலாளி செய்த சேதத்துக்காக ஒரு மாதத்தில் ஐந்து நாள் சம்பளத்துக்கு மேல் கழிக்க முடியாது. அந்தச் சட்டம் 2022 பெப்ரவரியில் புதுச் சட்டத்துக்கு இடம் விட்டது. உங்கள் தம்பி, மச்சான் யாராவது அங்கே இருந்தால், இப்போதைய விதி என்ன என்று கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

உஸ்தாத் எங்களை ஏசவில்லை. கழற்றிய கண்ணாடியை மேசையில் போட்டு, சிலிக்கோனை நகத்தால் உரித்து மணந்து பார்த்து, "சிர்கா" என்றார். வினாகிரிக்கு அவர்களுடைய சொல் அது. பிறகு ஒரு கிழமையாக வேலைக்கு இடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தந்தார்.

சிலிக்கோனில் இரண்டு சாதி. ஒன்று காயும்போது அசற்றிக் அமிலத்தை விடும். வினாகிரியின் புளிப்பும் அதேதான். குளியலறைத் தொட்டிக்கு அது போதும். சவ்வுக் கண்ணாடியின் ஓரத்தில் பூசினால் அந்த அமிலம் சவ்வின் பிடியைக் கெடுக்கும், காரின் தகரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். மற்றது அமிலம் விடாத சாதி, போத்தலில் நியூட்ரல் என்று போட்டிருக்கும். வேண்டியது அது. எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் மூக்கு போதும். புளிப்பு மணந்தால் மூடி வைத்துவிடுங்கள்.

தின்னர், பெற்றோல், அசற்றோன் ஒன்றும் ஓரத்துக்குப் போகக் கூடாது. சவ்வை ஊற வைத்து வீங்கச் செய்யும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு தரம் துடைக்கலாம். ஊற்றக் கூடாது. மண்ணும் பழைய பசையும் பிளேட்டால்தான் வர வேண்டும். எண்ணெய், கிறீஸ் பூசி றப்பரை வழுக்க வைக்கும் பழக்கமும் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரியது காய வைப்பது. நாங்கள் வெயிலில் வைத்தது ஏன் பிழை? வெயிலில் கண்ணாடியின் மேற்பரப்புத்தான் காயும். ஓரத்துக்குள் புகுந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, உள்ளுக்குள்ளேயே குமிழாக நிற்கும். சவ்வு பல மாதமாகக் குடித்த ஈரத்தை ஒரு பின்னேரத்தில் வெளியே எடுக்க முடியாது. ஓகஸ்ட் மாதச் சார்ஜாக் காற்றில் அது எந்தக் காலத்திலும் காயாது. காற்றே ஈரம். உஸ்தாத் கண்ணாடியைக் கொண்டுபோய் வைத்தது சேட்டனின் ஒவ்வீஸ் அறையில், ஏசிக்குக் கீழே. ஏசி ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்ட விடும், அறைக் காற்று வறண்டுவிடும். ஒரு கிழமைக்குக் குறையாமல் வைப்பார். சேட்டன் ஒவ்வொரு நாளும் முணுமுணுப்பார், கால் தட்டுப்படுகிறது என்று.

ஈரத்தோடு அடைத்தால் திருடனை வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டின கணக்கு. நாங்கள் செய்தது அதைத்தான். அடைக்காமலே விட்டிருந்தால்கூட அந்த ஓர் அங்குலம் இவ்வளவு வேகமாக ஏறியிருக்காது.

அடுத்த மாசி மாதம் அவர் எங்களைக் கொண்டே சரியான வேலை ஒன்றைச் செய்வித்தார். வந்தது ஒரு லான்ட் ரோவர், 1960 களின் வண்டி. பழைய வாகனம் சேர்க்கிறவர் ஒருவருடையது. இந்த லான்ட் ரோவர்களுக்குச் சார்ஜாவோடு பழைய உறவு. 1951 இல் பிரித்தானியர் சார்ஜாவில் அமைத்த படை, 1956 இல் ட்ரூசியல் ஓமான் ஸ்கவுட்ஸ் என்று பெயர் மாறி 1971 வரை இருந்தது. பாலைவனத்தில் அவர்கள் லான்ட் ரோவரில்தான் திரிந்தார்கள். இன்றைக்கு அங்கே பழைய வாகனத்துக்கு மதிப்பு அதிகம். சார்ஜாவில் பழைய கார்களுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. அபுதாபிக்குத் தெற்கே பாலைவனத்தில் கூம்புக் கட்டடம் ஒன்றில் இன்னொன்று. ஒரு வீட்டளவு பெரிய டொட்ஜ் வண்டி ஒன்றை அதன் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பெருநாள் விடுமுறைக்கு நாங்கள் போய் அதன் சில்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். படத்தில் எங்களைத் தேட வேண்டும்.

லான்ட் ரோவரின் முன் கண்ணாடி இரண்டு துண்டு, இரண்டும் தட்டை. பால் கட்டிய தட்டைக் கண்ணாடியை வைத்து மினக்கெடாதே, புதிதாக வெட்டு என்றார் உஸ்தாத். ஆனால் கட்டடங்களுக்கு விற்கும் 6.38 மில்லிமீற்றர்க் கண்ணாடியை எடுக்க விடவில்லை. அதில் சவ்வு 0.38 தான், பாதித் தடிப்பு. 0.76 சவ்வு உள்ளதைத் தேடி எடுத்தார். இரண்டு பக்கமும் கீறி, தட்டி வெடிக்க வைத்து, சூட்டுக்காற்றுத் துவக்கால் கோட்டை இளக்கிப் பிளேட்டால் சவ்வை அறுத்தார். சிலர் கோட்டில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவார்கள். வேகமான வேலை, ஆனால் ஸ்பிரிட்டும் சவ்வுக்குள் ஊறும் என்று அவர் அதைத் தொடுவதில்லை.

ஏசி அறையில் ஒரு கிழமை. பிறகு அமிலமில்லாத சிலிக்கோன், விரலால், சவ்வின் கோடு மறையும் அளவுக்கு மெல்லிய பூச்சு. நாங்கள் பூசியதில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. ஒரு நாள் முழுக்க ஆறவிட்டார். அதற்கிடையில் எங்களைச் சட்டத்தைச் சுத்தம் செய்ய விட்டார். அடிப்பக்கத்தில் ஐம்பது வருடத்து மண் இறுகியிருந்தது. கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம். தண்ணீர் வடிவதற்கென்று இருந்த வழி அப்போதுதான் தெரிந்தது. உஸ்தாத் ஒரு தேநீர்க் குவளைத் தண்ணீரை மேலே ஊற்றி, கீழே வடிகிறதா என்று குனிந்து பார்த்தார். வடிந்தது. "இதுதான் வேலை, பூசுவது சும்மா" என்றார். எந்தப் பூச்சும் ஒரு நாள் வெடிக்கும். தண்ணீர் தங்காவிட்டால் வெடித்தாலும் பெரிய சேதம் வராது. தங்கினால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. எங்கள் மேர்சிடிஸில் நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

றப்பரில் இருக்கும் வளைந்த கண்ணாடிக்கும் முறை இதுதான். ஓரத்தை அடைத்து முடித்த பிறகுதான் றப்பரைக் கண்ணாடியில் மாட்ட வேண்டும். ஏனென்றால் றப்பரின் உதட்டுக்குள் கயிறு வைத்து இழுத்து ஏற்றும்போது சவர்க்காரத் தண்ணீர் போட வேண்டி வரும். அடைக்காத ஓரம் அதையும் குடிக்கும். றப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில் இறுகிக் காயாத பசை ஒன்று விடுவார்கள். அந்த இடத்துக்குச் சிலிக்கோன் வேண்டாம்.

இங்கே உங்களில் பெரும்பாலோர் வாங்கும் கார்களில் றப்பர் இல்லை. கண்ணாடியைத் தகரத்தோடு பொலியூரேத்தேன் பசையால் நேரே ஒட்டியிருப்பார்கள். அதை வீட்டு முற்றத்தில் கழற்ற முயல வேண்டாம். அந்தக் கண்ணாடி காரின் உடம்பில் ஒரு எலும்பு மாதிரி. பல கார்களில் பயணியின் காற்றுப்பை விரியும்போது முதுகு கொடுப்பதும் அதுதான். அந்த ஓரத்தில் முன்பு யாராவது சிலிக்கோன் பூசியிருந்தால் புதுப் பசை பிடிக்காது. பழைய கார் விற்பவர்கள் சிலர் ஒழுக்கை மறைக்க அப்படிப் பூசி வைப்பார்கள். விரலால் தடவிப் பாருங்கள். றப்பர் போல வழுக்கும் தடிப்பான வரி தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

வாங்கப் போகும்போது வேறு சில விடயமும் பாருங்கள். கண்ணாடி மூலையில் சிறு முத்திரை இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து ஈயும் ஓர் எண்ணும் இருந்தால், அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைச் சொல்லும். 1 ஜேர்மனி, 2 பிரான்ஸ், 11 பிரித்தானியா. அதோடு முன் கண்ணாடியில் உரோம இலக்கம் இரண்டு, அதாவது இரட்டைக் கோடு, இருந்தால் சவ்வுக் கண்ணாடி. ஒற்றைக் கோடு என்றால் நொறுங்கும் பழைய வகை. பால் கட்டியிருந்தால் அதன் எல்லையில் உட்பக்கமாக ஒரு மெழுகுப் பென்சில் கோடும் திகதியும் போட்டு வையுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டவில்லை என்றால் அவசரமில்லை. தாண்டினால், அல்லது சாரதியின் பார்வைக்குள் வந்தால், மாற்றத்தான் வேண்டும். பால் கட்டிய இடத்தைத் திரும்ப ஒட்ட வீட்டில் வழியில்லை. வெடிப்புக்கு விடும் பிசினை உள்ளே செலுத்தித் தெளிவாக்கித் தருகிறோம் என்பார்கள். கண்ணுக்குத் தெளிவாகும், பிடி திரும்பி வராது. அடைப்பது இருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான்.

அண்ணை அந்த வானை வாங்கவில்லை. விற்றவர் எங்களைப் பார்த்த பார்வை வேறு. மூன்று கிழமை கழித்து வேறொன்று கிடைத்தது, கண்ணாடி சுத்தம், பின் கதவுதான் திறக்காது.

ராஸ் அல் கைமாக்காரரின் பழைய கண்ணாடியை உஸ்தாத் குப்பையில் போட விடவில்லை. ஸ்ரிக்கர் இருந்த மூலையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்தார். நாலு ஓரத்தையும் உரசி, ஏசிக்குக் கீழே பத்து நாள் வைத்து, எங்களைக் கொண்டே மெல்லப் பூசுவித்தார். அவர் வந்தபோது பேப்பரில் சுற்றிக் கொடுத்தோம். பிரித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்தபடி காரில் ஏறினார்.

அடுத்த இதழில் திறக்காத பின் கதவு.